கலெக்டரிடமிருந்து வரவேண்டிய பதில்

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்றைக்கு அம்மா பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில்தான் உட்காருவாள். முன்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போய், முழங்காலிட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் எழுந்திருக்க முடியாது. கடைசி வரிசை எழும்போது அம்மா மட்டும் உட்கார்ந்தபடியே கால்களை மடக்கி, முட்டியைக் கைகளால் கட்டிக்கொண்டு, போகிறவர்களுக்கு வழிவிடுவாள். அவர்கள் திரும்பி வரும்போது இன்னொரு தடவை மடக்குவாள்.

நான் வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளைக் கொண்டுவந்து விடுவதும் திரும்பக் கூட்டிப்போவதும் என் வேலை. உள்ளே போய் உட்காரலாம், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனாலும் நான் ஜன்னலோடு நின்றுவிட்டேன். தொண்ணூறுகளின் பாதியிலிருந்து அப்படித்தான்.

எங்கள் காலனி ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்பக்கம் இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஷூ மேல்பாகம் தைக்கிற கம்பெனியில் பேஸ்டிங் டேபிளில் வேலை பார்த்தாள். வெட்டிவந்த தோல் துண்டுகளுக்கு ஓரமாகப் பசை தடவி மடித்து ஒட்டும் வேலை. அந்தப் பசையை எல்லோரும் சொல்யூஷன் என்பார்கள். அது விரல்களில் காய்ந்து மெல்லிய தோல் மாதிரி படிந்துவிடும். பஸ் ஏறும்போதும் பேசும்போதும் சோறு வேகும் நேரத்திலும் அம்மா அதை உரித்துக்கொண்டே இருப்பாள். எவ்வளவு உரித்தாலும் அது முழுக்கப் போனதில்லை.

அவளை சபைக்குக் கூட்டிப்போனது டேபிளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான். பின்னாளில் ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் வந்தபோது, அம்மாவுக்கு சபையிலிருந்து என்னென்ன கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு கேக். வருஷத்துக்கு ஒரு காலண்டர். ஒருமுறை பெண்கள் கூட்டத்தில் மியூசிக்கல் சேர் விளையாடி ஜெயித்ததற்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கு. அந்த மக்கை வைத்து யாரும் யாருடைய மதத்தையும் மாற்ற முடியாது. அதன் பிடி ஆறே மாதத்தில் உடைந்துபோனது. எதற்கு அங்கே போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அங்கே போனால் யாராவது பக்கத்தில் நகர்ந்து இடம் விடுகிறார்கள் என்றாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமானால் ஞானோபதேசம் மனப்பாடமாக வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் சபையார் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சின்னப் புத்தகத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். அவள் அரிசி களையும்போது வாசிப்பேன். அவள் திருப்பிச் சொல்வாள். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம். என் டிகிரி பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு தடவை எதையும் படித்ததில்லை. அவள் மனதில் ஏறிய வரிகள் எல்லாம் என் குரலில்தான் ஏறின. அப்போது அதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

இருந்தும் அவள் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். முதலில் பெரியப்பா வீட்டார் என்ன சொல்வார்களோ என்று தள்ளினாள். அப்புறம் நான் பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்றாள். அப்புறம் டிகிரி. நான் தபால்வழியில் பி.காம். முடித்து, அவள் வேலை செய்த கம்பெனியிலேயே டைம் ஆபீசில் சேர்ந்தபின், இந்தக் கிறிஸ்துமஸுக்கு எடுத்துவிடுகிறேன் என்று போதகரிடம் சொன்னாள். நீல நிறத்தில் சன்னக் கரை போட்ட வெள்ளைப் புடவை ஒன்று வாங்கி, வீட்டில் இருந்த ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அந்தப் பெட்டியின் அடியில் என் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தன.

அந்த வருஷம்தான் சட்டம் வந்தது. இரண்டாயிரத்து இரண்டின் கடைசி மாதங்கள். கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ யாரையும் மதம் மாற்றக் கூடாது. மதம் மாற்றும் சடங்கைச் செய்கிறவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மீறினால் ஜெயில். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ இருந்தால் ஜெயில் இன்னும் கூடுதல். எதிர்ப்பைக் காட்ட மிஷன் பள்ளிகளை ஒருநாள் மூடினார்கள். ஊரில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை.

எங்கள் டைம் ஆபீசில் அந்தப் பேச்சு சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். லைன் சூபர்வைசர் ஒருவர், என்மேல் பிரியமுள்ளவர், பேப்பரை மடித்து என் மேஜையில் போடுவார். கோதுமையும் பால் பவுடரும் கொடுத்து மதம் மாற்றுவதெல்லாம் இதோடு நிற்கும், நம்ம ஜனங்களுக்கு நல்லதுதான் தம்பி என்பார். 'நம்ம' என்று அவர் சொல்லும்போது என்னையும் சேர்த்துக்கொள்வார். ஆள் வருகைப் பதிவேடு பார்க்கும் பாய் எதற்கும் அவசரப்பட்டதில்லை. "ஒரு மிஷின மாத்தறதுக்கே இங்க ஆறு மாசம் பேஜாரு. மனுசன மாத்தறது அவ்ளோ ஈசியா இன்னா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அம்மா அதே கட்டடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் பேஸ்டிங் டேபிளில் உட்கார்ந்திருப்பாள். அவளைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு அருகே சட்டத்தை ஆதரித்து ஒரு கூட்டம் நடந்தது. அடுத்த வாரம் சபைக் காம்பவுண்டில் எதிர்த்து ஒரு கூட்டம். இரண்டுக்கும் போனேன். முதல் கூட்டத்தில் ஒருவர், ஏழை எளிய மக்களின் அறியாமையைப் பயன்படுத்துகிறார்கள் என்றார். இரண்டாவதில் ஒருவர், ஏழை எளிய மக்களின் உரிமையைப் பறிக்கிறார்கள் என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. கைதட்டவும் செய்தேன். ஆனால் இரண்டு மைக்கிலும் அந்த ஏழை எளிய மக்களின் முகம் ஒரே மாதிரி, கண் மூக்கு இல்லாமல் இருந்தது. சொல்யூஷன் உரிக்கிற, மியூசிக்கல் சேரில் ஜெயிக்கிற ஒருத்தி அதில் இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கும்பல் கும்பலாகப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியே வந்தேன். சேர்ந்து நடக்க இரண்டு பக்கத்திலும் ஆள் இருந்தது. ஆனால் யாரோடு சேர்ந்தாலும் பாதி விஷயத்தை மறைக்கவேண்டியிருந்தது.

போதகர் வயதானவர். ஓய்வுபெற ஒன்றரை வருஷமே பாக்கி. பயந்த சுபாவம். சட்டப்படியே செய்துவிடலாம், கலெக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு ஞானஸ்நானம் தருகிறேன் என்றார். அதற்கென்று படிவம் எதுவும் எங்கும் கிடைக்கவில்லை. சபையின் லெட்டர்ஹெட் தாளில் எழுதினால் போதும் என்று யாரோ வக்கீல் சொன்னாராம். ஒரு சாயங்காலம் அம்மாவையும் என்னையும் வீட்டுக்கு வரச்சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேலே சிலுவைப் படம் அச்சிட்ட தாள்.

அம்மாவின் பெயர், வயது, சாதி, கணவர் பெயர், விலாசம் எல்லாம் எழுதினோம். பிறகு, அவளே வாய்விட்டுச் சொன்னதாக நாலு வரி வேண்டும், நீயே கேட்டு எழுது தம்பி என்றார். நான் அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

"யாராச்சும் உன்ன கட்டாயப்படுத்துனாங்களாம்மா?"

"நான்தான் இவர கட்டாயப்படுத்தினு இருக்கறேன்" என்றாள். போதகர் சிரித்துவிட்டார்.

"யாராச்சும் ஆச காட்டுனாங்களா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆசைன்னு பாத்தா எனக்குத்தான் இருக்குது. அதுக்கு யார் மேல கேசு போடுவாங்க?"

பெண்களையும் நம் சாதியாரையும் மாற்றினால் தண்டனை ஏன் ஜாஸ்தி என்று அவள் கேட்டாள். அவர்களை எளிதில் ஏமாற்றிவிடலாம் என்பதால் என்று விளக்கினேன். இரண்டு கணக்கிலும் நான் வரேனா என்றாள். வருவாய் என்றேன். கட்டைவிரலில் காய்ந்திருந்ததைச் சுரண்டியபடி, விதவைப் பென்ஷனுக்கு அலைந்த மூன்று வருஷமும் யார் யாரோ ஏமாற்றினார்களே, அப்போது இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்றாள். போதகர் அதை எழுதவேண்டாம் என்று அவசரமாகக் கைகாட்டினார்.

கடைசியாகக் கைநாட்டு. அம்மா கட்டைவிரலில் மை தொட்டு அழுத்தினாள். ரேகையே விழவில்லை. சொல்யூஷன் படலத்தால் வெறும் நீலப் பொட்டு மாதிரி வந்தது. போதகர் மனைவி மண்ணெண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிட்டார். இரண்டாம் தடவை ரேகை தெரிந்தது. ஆக அந்தத் தாளின் அடியில் இரண்டு பதிவுகள், ஒன்று ரேகை இல்லாதது, பக்கத்தில் ரேகையோடு ஒன்று. அவற்றுக்குக் கீழே போதகர் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: 'இதை இவருடைய ஒரே மகன், பட்டதாரி, வாசித்துக் காட்ட, இவர் கேட்டுச் சம்மதித்தார்.' என் பெயரை நானே அழகாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அம்மா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க நான் வேலூர் போக வேண்டியிருந்தது. கடிதத்தையும் அதன் நகலையும் சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வரச்சொல்லி என்னிடமே தந்தார் போதகர்.

பதிவைப் புதுப்பிக்கும்போது, அங்கே வேலை பார்த்த ஒருவர் என் சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இந்து ஆதி திராவிடர் என்று இருந்தது. அதே சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடமில்லை, பிற்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். போட்டி அங்கே அதிகம், இடம் கம்மி. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் சான்றிதழை ஊருக்கே வந்து விசாரிக்கிறார்கள், அப்பா அம்மா பேர் எந்த சர்ச்சு ரிஜிஸ்டரிலும் இருந்துவிடக் கூடாது, ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அந்த மாதம்தான் தபால் துறையில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பட்டியல் இனத்தவர் இடத்துக்கு.

கலெக்டர் அலுவலகத்தில் தபால் பிரிவு ஜன்னல் முன்னால் வரிசை. எனக்கு முன்னால் பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ஏரித் தண்ணீர்த் தகராறு என்று பலர். நான் கடிதத்தை எடுத்து வாசித்தேன். நானே எழுதியதுதான். என் கண் கடைசி வரியில் நின்றுவிட்டது. என் பெயர், என் படிப்பு, என் கையெழுத்து. இது இந்த ஜன்னலுக்குள் போனால் ஒரு நம்பர் விழும். ஒரு ஃபைலில் ஏறும். நாளைக்கு என் சான்றிதழை விசாரிக்கும் கடிதமும் இதே கட்டடத்துக்குத்தான் வரும்.

சட்டப்படி அம்மா மாறினால் நான் மாறினதாகாது. அது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரியும். ஆனால் ஜன்னல் முன்னால் அரைகுறை அறிவு உதவாது. உள்ளே இருந்தவர் கையை நீட்டி, "இன்னா மனு?" என்றார்.

வரிசை மாறி நின்றுவிட்டேன் சார் என்று சொல்லி விலகினேன். கால்கள் தாமாகவே வெளியே வந்துவிட்டன. பள்ளிகொண்டா தாண்டும்வரை பஸ்ஸில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எதுவும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள்.

"குடுத்துட்டேன்மா" என்றேன். "பதில் வரும்."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் பெரிய பொய். சட்டம் தெரிவிக்கத்தான் சொன்னது. அனுமதி வாங்கச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் காலனியில் மனு கொடுத்தால் பதில் வரவேண்டும், பதில் வந்தால்தான் காரியம் நடக்கும். பட்டா, ரேஷன் கார்டு, பென்ஷன் எல்லாமே அப்படித்தான் வந்தன. சர்க்காருக்குச் சும்மா ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு நம் பாட்டுக்கு இருக்கலாம் என்பதை எங்களில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டேன். போதகரிடம், சீல் போடுகிறவர் கேம்ப்புக்குப் போயிருக்கிறார், பதிலே அனுப்பிவிடுவார்களாம் என்றேன். அவருக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. பதில் வரட்டும் தம்பி, அதுதான் பாதுகாப்பு என்றார். கடிதம் என் ஃபைலுக்குள், டிரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் வெள்ளைப் புடவைக்குக் கீழே போனது.

அன்றிலிருந்து அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை முடிந்து வந்ததும் தபால்காரரைத் தேடிப் போய்க் கேட்பாள். அவர் காலனி முனையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். "கலெக்டரு உனக்கு இன்னா லவ் லெட்டரா போடப்போறாரு?" என்பார். "போட்டா நீதான் படிச்சுக் காட்டணும்" என்று இவள் சொல்வாள். காலனியே சிரிக்கும். பிறகு வீட்டுக்கு வந்து என்னிடமும் கேட்பாள். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: "பதிலு ஒண்ணும் வரலியா நைனா?" ஒவ்வொரு நாளும் இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

அந்தக் கிறிஸ்துமஸ் போனது. முதல் ஞாயிறுகள் வந்தன. ஜன்னலுக்கு வெளியே நான் நிற்க, உள்ளே அம்மா கால்களை மடக்கினாள். நான் பார்க்காமல் சைக்கிள் பெல்லைத் துடைக்க ஆரம்பித்தேன். டைம் ஆபீசில் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து குடோன் பக்கம் போய்விடுவேன். நான் யாருக்கு எதிராகப் பேச முடியும்? சட்டத்தை எதிர்த்துக் கைதட்டினவன், அந்தச் சட்டம் செய்யாததையும் சேர்த்து என் வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தேன்.

தபால் துறை வேலைக்கு நான் தேர்வானேன். சான்றிதழ் விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் காலனிக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது சுவரில் ஒரு வெளிறிய சதுரம் தெரிந்தது. சபைக் காலண்டர் தொங்கிய இடம். காலண்டரைக் காணோம். எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று அவர் அம்மாவிடம் கேட்டார். "எங்க ஊட்டுக்காரு ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழு ஊத்துவாருங்க" என்றாள். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஞானஸ்நானம் ஆகாததால் ரிஜிஸ்டரிலும் அவள் பெயர் கிடையாது. அவர் எழுதிக்கொண்டு போனார். காலண்டரை யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அது அதே ஆணியில் தொங்கியது.

காவேரிப்பாக்கம் பக்கத்தில் ஒரு தபால் நிலையத்தில் சேர்ந்தேன். ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். சாயங்காலம் ஏரிக்கரைமேல் நடப்பேன். அவ்வளவு பெரிய ஏரியில் தண்ணீர் இருந்தால் எதிர்க்கரை தெரியாது. தண்ணீர் இல்லாத மாதங்களில் எதிர்க்கரை தெரியும், ஆனால் அங்கே போகவும் வேலை இருக்காது. பேச ஆளில்லாமல் நான் கழித்த முதல் வருஷம் அது. ஆபீசில் என்னைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் நான் விரும்பியது. விரும்பியது கிடைத்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

என் கவுண்டரில் தினமும் ரிஜிஸ்டர் தபால்கள். பலர் கலெக்டருக்கு அனுப்புவார்கள். கூடவே ஒப்புகை அட்டை கட்டுவார்கள். நாலைந்து நாளில் அந்த மஞ்சள் அட்டை சீலோடு திரும்பிவரும், கடிதம் போய்ச்சேர்ந்தது என்று. அதற்குமேல் எந்தப் பதிலும் பெரும்பாலும் வராது. அம்மாவின் கடிதத்தை இப்படி ஒரு தபாலில் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் அந்த அட்டையைப் போதகரிடம் காட்டி முடித்திருக்கலாம். பதினைந்து நாளுக்கொருமுறை ஊருக்குப் போகும்போது இதை நினைத்துக்கொண்டே போவேன். பெட்டியைத் திறப்பேன். ஃபைல் அங்கேயே இருக்கும், புடவையும் இருக்கும். வேலை நிரந்தரமாகவில்லையே என்று மூடிவிடுவேன். அம்மா சோறு போடும்போது அதே கேள்வியைக் கேட்பாள்.

இரண்டாயிரத்து நான்கில் பாராளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு சட்டத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். காலையில் தபால் பிரிக்கும்போது யாரோ பேப்பரை வாசித்தார்கள். எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இனி யாரும் யாருக்கும் தெரிவிக்க வேண்டாம். பதில் வேண்டாம், எடுத்துக்கொள் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். எதையும் ஒப்புக்கொள்ளாமலே தப்பித்துவிடலாம். ஆபீசில் ஆள் குறைவு, உடனே கிளம்ப முடியவில்லை. ஜூலை முதல் ஞாயிறுதான் போக முடிந்தது. அந்த வருஷம் ஏப்ரலிலேயே பழைய போதகர் ஓய்வுபெற்று, இளவயதுக்காரர் ஒருவர் வந்திருந்தார்.

வீடு பூட்டியிருந்தது. சபைக்கு நடந்தேன். ஆராதனை முடியும் நேரம், திருவிருந்து நடந்துகொண்டிருந்தது. பழைய ஜன்னலருகே போய் நின்றேன். கடைசிப் பாயில் அம்மா இல்லை. தேடினேன். நடுவரிசை எழுந்தது. அந்த வரிசையில் நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை. அம்மா முன்னால் போய்ப் பீடத்தின் முன்னிருந்த கம்பியைப் பிடித்து முழங்காலிட்டாள். வயதான முட்டி, கொஞ்சம் தடுமாறினாள். பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கையை நீட்டி வாங்கினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும், எப்ப வந்த என்றாள், தினமும் பார்க்கிறவள் மாதிரி. நாங்கள் காம்பவுண்டைத் தாண்டும்போது பின்னால் ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் இரண்டடி போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தாள். அது அம்மாவின் புதுப் பெயர். நான் அதுவரை கேட்டிராத பெயர். அதை இங்கே எழுதவில்லை, அவளிடம் அதற்கு அனுமதி வாங்கவில்லை.

ரயில்வே கேட் வரைக்கும் நடந்து வந்தோம். கேட் போட்டிருந்தது.

"எப்பம்மா எடுத்த?"

"பெந்தெகொஸ்தே ஞாயிறுல." பிறகு அவளே சொன்னாள். "புது ஐயரு வந்ததும் கேட்டேன். பதிலெல்லாம் வேணாம்மா, அப்பவும் வேணாம், இப்பவும் வேணாம்னாரு."

கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. "ஒரு கார்டு போட்டிருந்தா வந்திருப்பேனே."

"வந்திருப்ப. லீவு லெட்டர்ல இன்னான்னு எழுதியிருப்ப?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. எழுதத் தெரிந்தவனிடம் கேட்கிற சந்தேகம் மாதிரிதான் கேட்டாள். வண்டி முழுக்கப் போகும்வரை நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட் திறந்து நடக்க ஆரம்பித்ததும், "அந்த லெட்டர எப்ப பாத்த?" என்று கேட்டேன்.

"நீ வேலூர் போய்ட்டு வந்த அடுத்த வாரமே. பொடவைக்கு அந்துருண்ட போடலாம்னு தொறந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னா, என் கைநாட்டுகூடத் தெரியாதா? ரேகையில்லாம ஒண்ணு, ரேகையோட ஒண்ணு. அது மாதிரி வேற யாரு வெச்சிருப்பாங்க?"

"அப்ப தெனமும் பதில் வந்துச்சான்னு என்ன கேட்டியே."

"நீ சொல்லுவேன்னு கேட்டுனு இருந்தேன்" என்றாள். கொஞ்சதூரம் போனபின், "அப்புறம் ஒனக்கு வேலை ஆவட்டும்னு உட்டுட்டேன். ஆனா கேக்கறத நிறுத்த முடில. நிறுத்துனா ஒனக்குத் தெரிஞ்சிடும்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவை மாற்றிக்கொண்டு சோறு வைத்தாள். நான் சாப்பிட்டுக் கைகழுவி வந்தபோது, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஞானஸ்நானச் சான்றிதழ். ஐந்து வாரமாகிறது, யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லையாம். "நீ வந்து படிப்பேன்னு வெச்சிருந்தேன்" என்றாள்.

அரிசி களைந்த காலத்தில் உட்காரும் இடத்திலேயே கீழே உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். பெயர் என்ற இடத்தில் புதுப் பெயர். பழைய பெயர் அடைப்புக்குறிக்குள். கணவர் பெயர். ஊர். முந்திய மதம், இந்து. சாட்சிகள் என்ற இடத்தில் புதுப் போதகர் மனைவியின் பெயரும், பேஸ்டிங் டேபிளில் பக்கத்தில் உட்காரும் அந்தப் பெண்ணின் பெயரும். சாட்சிகளின் பெயரை மட்டும் வேகமாக வாசித்தேன். அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு வாட்டி படி என்றாள். படித்தேன். கட்டைவிரலை உரித்துக்கொண்டே, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டாள்.

முடித்ததும் தாளை மடித்தேன். பழக்கத்தில் டிரங்குப் பெட்டியின் பக்கம் திரும்பி மூடியைத் தூக்கினேன்.

"அத்த பெட்டியில வெக்காத நைனா" என்றாள். "வெளிய இருக்கட்டும்."

மூடியை இறக்கினேன். வாசற்கதவு திறந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் சுவர் முழுக்கத் தெரியும். காலண்டர் ஆணி என் தோள் உயரத்தில் இருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். அம்மா அவசரப்படுத்தவில்லை. கால்களை மடக்காமல் நீட்டி உட்கார்ந்துகொண்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.